மிருதங்கத்தின் தொப்பி எங்கே போனது? பிடிவாதமான இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு டாக், ஆம்ப் தேர்வு

கேள்வி: செந்தூல் இரவுக்கேட்பவன்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு பத்தரை மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது என்பதாலும், பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது என்பதாலும், ஸ்பீக்கர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு ஹெட்ஃபோன் பக்கம் வந்து சேர்ந்தேன். கைமாறிய நிலையில் இரண்டை வாங்கியிருக்கிறேன். ஒன்று 300 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) கொண்ட சென்ஹைசர் எச்டி 600. மற்றொன்று ஹைஃபைமேன் எச்இ6எஸ்இ. இது பிளானர் வகை (காந்தங்களுக்கிடையே தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை), 50 ஓம்.

நான் பெரும்பாலும் கேட்பது பழைய கச்சேரிப் பதிவுகள், நாதஸ்வரம், எண்பதுகளின் திரைப்பாடல்கள். என் குறை மிகவும் குறிப்பானது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது முகம், நன்றாகக் கேட்கிறது. சாப்பு விழும்போது விரல் தெரிகிறது. ஆனால் இடது முகமான தொப்பியில் எழும் கும்கி என்னும் தாழ்ந்த ஒலி, நேரில் கேட்கும்போது வயிற்றில் உணரும் அந்தக் கனம், இரண்டு ஹெட்ஃபோன்களிலும் இல்லை. எச்இ6எஸ்இயைக் கைப்பேசியின் டாங்கிளில் (ஹெட்ஃபோனை இணைக்கும் சிறு யுஎஸ்பி கம்பி) செருகினால் ஒலியளவை முழுவதும் ஏற்றிய பிறகும் பக்கத்து அறையில் வாசிப்பது போலிருக்கிறது.

மச்சான் ஒருவர் தம்முடைய பழைய மேசை ஆம்ப் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை இரவல் தந்திருக்கிறார். மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்பி போட்டு அதில் இணைத்தேன். ஒலி சற்றுக் கூடியது. ஆனால் மடிக்கணினிக்கு சார்ஜர் போட்டவுடன் கொசு ரீங்காரம் போல ஒரு கீச்சொலி கிளம்புகிறது. கடை ஒன்றில் விசாரித்தபோது, குறை டாக்கில்தான் (எண்வடிவப் பாட்டை மின்னலையாக மாற்றும் கருவி) இருக்கிறது, 1,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போட்டு நல்ல டாக் வாங்கினால் கனம் தானாக வந்துவிடும் என்றார்கள். என்னிடம் உள்ள மொத்தத் தொகை 1,800 ரிங்கிட். இதை டாக்கில் போடுவதா, ஆம்பில் போடுவதா, இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டியாக வாங்குவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மறுமொழி 1: வால்வுப்பிரியன், ஈப்போ ரோடு

தம்பி, எச்டி 600 கையில் இருக்கும்போது எதற்கு யோசனை? வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, ஓடிஎல் எனப்படும் வால்வு ஆம்ப் ஒன்றைத் தேடி வாங்குங்கள். நான் ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் கேட்கிறேன். விளக்கை அணைத்துவிட்டு, வால்வின் செந்நிற ஒளியில் தம்பூராவைக் கேட்டுப் பார்த்தால், இத்தனை நாள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று உங்களுக்கே வருத்தமாக இருக்கும். கும்கியும் வரும். டாக் எதுவாக இருந்தாலும் போதும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். அமெரிக்காவிலிருந்து தருவிப்பதாக இருந்தால் மின்னழுத்தத்தைப் பார்த்து வாங்குங்கள். நம் சுவரில் வருவது 230 வோல்ட்; அங்கே 120. என் முதல் ஆம்புடன் வந்த அடாப்டர் அந்த ஊர் அழுத்தத்துக்கானது என்பதைக் கவனிக்காமல், முள்ளை மாற்றும் சிறு கட்டையைப் போட்டுச் சுவரில் செருகிவிட்டேன். பாட்டு தொடங்கும் முன்பே ஊதுபத்தி ஏற்றியது போல் புகை வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. சாமியறையிலிருந்து வருகிறது என்று நினைத்து வீட்டில் யாரும் எழுந்து பார்க்கவில்லை.

---

மறுமொழி 2: பாயான் லெப்பாஸ் சோதனைமேசை

வணக்கம். நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன். அண்ணன் வால்வுப்பிரியனின் ரசனையில் குறுக்கிட எனக்கு விருப்பமில்லை; எச்டி 600 வரை அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனால் செந்தூல் நண்பரின் இரண்டு ஹெட்ஃபோன்களும் இரண்டு விதமான பசி கொண்டவை. ஒன்றுக்குப் போட்ட சோறு மற்றதற்கு ஆகாது. எனவே பணத்தை எடுக்கும் முன் சிறிது கணக்குப் போட்டுவிடலாம்.

ஹெட்ஃபோன் ஓட்டுவதற்குக் கடினமானதா என்பதை ஓம் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் இத்துறையில் பரவியிருக்கும் முதல் பிழை. 300 ஓம் என்றவுடன் மலை என்றும், 50 ஓம் என்றவுடன் மேடு என்றும் நினைக்கிறோம். உண்மையில், ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்ற உணர்திறன் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகிறது. எச்டி 600க்கு அந்த எண் 97. எச்இ6எஸ்இக்கு 83.5. இடைவெளி 13.5 டெசிபல், அதாவது ஒரே அளவு ஒலியை எழுப்ப இரண்டாவதற்கு ஏறத்தாழ இருபத்திரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும்.

கச்சேரிப் பதிவில் சராசரி ஒலி தாழ்வாகவும், தனி ஆவர்த்தனத்தின் அடிகள் அதைவிட மிக உயர்ந்தும் இருக்கும். அந்த உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் விட்டால் போதும் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 600க்கு அதற்குத் தேவைப்படுவது 20 மில்லிவாட். அதை 300 ஓமில் செலுத்த ஏறத்தாழ 2.45 வோல்ட் வேண்டும், மின்னோட்டமோ வெறும் 8 மில்லிஆம்பியர். எச்இ6எஸ்இக்கு அதே 110 டெசிபலுக்கு 447 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். முன்னது கேட்பது கொஞ்சம் வோல்ட். பின்னது வோல்ட்டும் கேட்கும், மின்னோட்டத்தையும் வாளி வாளியாகக் கேட்கும். ஒரு வோல்ட் தரும் சாதாரண டாங்கிளில் எச்டி 600 உச்சத்தில் 102 டெசிபல் வரை போய்விடும். எச்இ6எஸ்இ அதே டாங்கிளில் 96.5ஐத் தாண்டாது. உச்சமே அவ்வளவு என்றால், சராசரி ஒலி எழுபதுகளில்தான் நிற்கும். பக்கத்து அறையில் வாசிப்பது போலிருக்கிறது என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் இதுவே. டாங்கிளின் தரம் அல்ல.

இப்போது வால்வு ஆம்ப் பற்றி. ஓடிஎல் வகையின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம். 120 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். எச்டி 600இன் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 300 அல்ல. 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அது 500 ஓமை ஒட்டி எழும். இரண்டும் சேரும்போது அந்தப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட ஏறத்தாழ ஒரு டெசிபல் தூக்கலாகக் கேட்கும். அண்ணன் சொன்ன கும்கியின் ரகசியம் பெரும்பாலும் அந்த ஒரு டெசிபல்தான். இனிமையான தூக்கல், ஆனால் அது ஆம்ப் சேர்த்த உப்பு, பதிவில் இருந்ததல்ல. எச்இ6எஸ்இயை அதே ஆம்பில் செருகினால் பிளானரின் மின்மறுப்பு சமதளமாக இருப்பதால் தூக்கலும் கிடைக்காது. வரும் ஒலியில் 10.6 டெசிபல் ஆம்புக்குள்ளேயே கரைந்துபோகும். மின்னோட்டம் கொடுக்கவும் அந்த வால்வுகளுக்குத் தெம்பு இராது.

சரி, மச்சானின் ஆம்ப் உண்மையில் எவ்வளவு தருகிறது? அதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். தேவைப்படுவது ஒரு சாதாரண மல்டிமீட்டரும், 100 ஓம், ஒரு வாட் மின்தடைகள் இரண்டும். புடுவில் ஜாலான் பாசாரில் உள்ள உதிரிபாகக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இரண்டையும் இணையாக இணைத்தால் 50 ஓம். சோதனையில் உங்கள் எச்இ6எஸ்இக்குப் பதிலாக நிற்கும் பொம்மை அதுவே. முதலில் வழக்கமான பாட்டு ஒன்றைப் போட்டு, உங்களுக்குப் பிடித்த மிக உரத்த அளவுக்குக் குமிழைத் திருப்பிக்கொள்ளுங்கள். குமிழைத் தொடாமல் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, 60 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை, கோப்பின் முழு அளவில், ஒலிக்கச் செய்து, பிளக்கின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே ஏசி வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாட்டின் உச்சம் அந்த எண்ணைத் தாண்ட முடியாது. மலிவான மீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸில்தான் நம்பும்படி காட்டும். எனவே ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம். பிறகு மின்தடையை இணைத்து, குமிழைத் தாழ்வாக வைத்து ஒருமுறையும் முழுவதும் ஏற்றி ஒருமுறையும், மின்தடை இல்லாமலும் இருந்தும் அளந்து பாருங்கள். இந்தச் சோதனையின்போது ஹெட்ஃபோன் செருகியிருக்கக் கூடாது, தலையில் மாட்டியிருக்கவே கூடாது.

கீச்சொலி தனிக் கதை. சார்ஜரைப் பிடுங்கியவுடன் அது நிற்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

மறுமொழி 3: பிஜே பழையசரக்கு

சோதனைமேசை எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டாக்கை இப்படி ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். என்னிடம் மின்தடை ஏணி அமைப்பில் செய்யப்பட்ட, ஆர்2ஆர் எனப்படும் டாக் ஒன்றும், ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் சில்லு கொண்ட டாக் ஒன்றும் இருக்கின்றன. முதலாவதில் வீணையின் மீட்டு நீண்டு கரைகிறது. இரண்டாவதில் அது சீக்கிரம் அறுந்துபோவதாகத் தோன்றுகிறது. மூன்று ஆண்டுகளாக மாற்றி மாற்றிக் கேட்கிறேன். காது பொய் சொல்லுமா?

மேலும், கடைக்காரர்கள் சொன்னதெல்லாம் ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லோயட் பிளாசா (கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தொகுதி) பக்கம் போனால், உங்கள் ஹெட்ஃபோனையும் உங்கள் பாட்டுகளையும் கையோடு எடுத்துப் போய், உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதாக இருந்தால் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் பத்து விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மறுமொழி 4: பாயான் லெப்பாஸ் சோதனைமேசை

பழையசரக்கு ஐயாவுக்கு வணக்கம். காது பொய் சொல்வதில்லை. ஆனால் காதிடம் நாம் கேட்கும் கேள்வி பல வேளைகளில் பிழையாக இருக்கிறது. இரண்டு டாக்குகளின் வெளியீடு ஒரே அளவில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? ஆர்சிஏ எனப்படும் வெளியீட்டுத் துளையில் 2 வோல்ட் என்பது வழக்கமே தவிர, எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவதில்லை, 2.2, 2.5 தரும் டாக்குகளும் உண்டு. 2க்கும் 2.2க்கும் இடையே உள்ள வேறுபாடு 0.8 டெசிபல். அவ்வளவு சிறிய கூடுதலை நாம் ஒலி கூடியது என்று உணர்வதில்லை. தெளிவு கூடியது, மீட்டு நீண்டது என்றுதான் உணர்கிறோம். இரண்டையும் 0.2 டெசிபலுக்குள், அதாவது வோல்ட்டில் இரண்டு விழுக்காட்டுக்குள் சமன்செய்து, எது ஓடுகிறது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னால் நான் பிஜேவுக்கு (பெட்டாலிங் ஜெயா) வந்து உங்கள் ஆர்2ஆரைக் கேட்கிறேன். உண்மையாகவே வருவேன்.

டாக்கின் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அது ஏறத்தாழ முடிந்துபோன வேலை என்கிறேன். 16 பிட் குறுந்தட்டின் கொள்கையளவிலான வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தொலைவு) 98 டெசிபல். இன்று சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் டாக்குகள் அதைத் தாண்டிவிட்டன. நண்பர் கேட்கும் பழைய கச்சேரிகளோ பெரும்பாலும் கேசட்டிலிருந்து வந்தவையாக இருக்கும். இரைச்சல் குறைப்பு இல்லாத கேசட்டின் வீச்சு 50 முதல் 60 டெசிபல்தான். ஓட்டை வாளியில் மொண்டு வந்த தண்ணீரை வெள்ளிக் குடத்தில் ஊற்றினாலும் அளவு கூடாது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபியோக்காவில் ஏகேஎம் நிறுவனத்தின் சில்லு ஆலை எரிந்து, டாக் சில்லுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. பல தயாரிப்பாளர்கள் தங்கள் பெட்டிகளை ஈஎஸ்எஸ் சில்லுக்கு மாற்றி மறுபடி வடிவமைத்தார்கள். ஏகேஎம் என்றால் இனிமை, ஈஎஸ்எஸ் என்றால் கூர்மை என்று பேசியவர்களில் எத்தனை பேர், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல், கேட்டு மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஒரே ஓர் இடத்தில் டாக் வித்தியாசம் காட்டும். அது மடிக்கணினியின் மின் இரைச்சல். அதைப் பற்றி நண்பரின் பதில் வந்தபிறகு எழுதுகிறேன்.

---

மறுமொழி 5: செந்தூல் இரவுக்கேட்பவன்

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஜாலான் பாசாருக்குப் போய்வந்தேன். கடைக்காரர் இரண்டு மின்தடைகளுக்குச் சில்லறை வாங்க மறுத்து, பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பொட்டலம் தந்தார். இரவு மேசை விளக்கின் கீழ், மகளின் கணிதப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு மின்தடைகளின் கால்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, பழைய ஹெட்ஃபோன் கம்பி ஒன்றின் பிளக்கில் பற்றவைத்தேன். மீட்டரில் 50.3 ஓம் காட்டியது.

அளந்து கண்டவை இவை. எச்டி 600இல் எனக்கு இதற்கு மேல் வேண்டாம் என்னும் அளவுக்கு ஒலியை ஏற்றியபோது 1.1 வோல்ட். எச்இ6எஸ்இயில் குமிழை முழுவதும் ஏற்றியும் எனக்குப் போதவில்லை. அந்த நிலையில் மின்தடை இல்லாமல் 3.4 வோல்ட், மின்தடையை இணைத்தவுடன் 2.0 வோல்ட். குமிழைத் தாழ்த்தி, மின்தடை இல்லாமல் 0.50 வோல்ட் வரும்படி வைத்தபோது, மின்தடையோடு 0.49 காட்டியது. மேலே இருக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு சரிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சார்ஜரைப் பிடுங்கினால் கீச்சொலி அந்தக் கணமே நின்றுவிடுகிறது. சார்ஜரிலும் ஆம்பிலும் இருப்பது மூன்று முள் பிளக்.

---

மறுமொழி 6: பாயான் லெப்பாஸ் சோதனைமேசை

அருமையாக அளந்திருக்கிறீர்கள். எங்கள் ஆலையில் புதிதாகச் சேரும் பயிற்சியாளர்கள்கூடத் தாழ்ந்த அளவில் ஒருமுறை அளக்க மறந்துவிடுவார்கள், அந்த 0.50, 0.49தான் இங்கே துப்பு.

தாழ்ந்த நிலையில் வோல்ட் கிட்டத்தட்டக் குறையவே இல்லை என்பதால், ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு ஏறத்தாழ ஓர் ஓம்தான், அதில் குற்றமில்லை. மேலே 3.4 வோல்ட் 2.0ஆகச் சரிந்ததற்குக் காரணம், 50 ஓமுக்கு 40 மில்லிஆம்பியருக்கு மேல் கொடுக்க அந்த ஆம்பால் முடியவில்லை. அங்கே அலையின் தலை வெட்டுப்படும். 2 வோல்ட்டில் எச்இ6எஸ்இ பெறுவது 80 மில்லிவாட், ஒலி 102.5 டெசிபல் வரை. ஆனால் வெட்டுப்பட்ட அலை அது. வெட்டு முதலில் விழுவது எங்கே தெரியுமா? மிகப் பெரிய வீச்சுள்ள தாழ் அதிர்வெண் அடிகளில். தொப்பியில் உள்ளங்கை விழும் அந்தக் கணத்தில்தான் உங்கள் ஆம்ப் கை விரிக்கிறது. வலந்தலைக்குத் தேவை குறைவு, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது.

ஆனால் எச்டி 600இன் கதை வேறு. உங்களுக்கு மிக உரத்த அளவே 1.1 வோல்ட், உச்சம் 103 டெசிபல். 300 ஓமில் அது 4 மில்லிஆம்பியர்கூட இல்லை. மச்சானின் ஆம்ப் அதைத் தூக்கத்தில்கூடக் கொடுத்துவிடும். ஆகவே எச்டி 600இல் கனம் குறைவதற்கு ஆம்ப் பொறுப்பல்ல. எந்த விலையில் ஆம்ப் வாங்கினாலும் அது மாறாது. இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, கைமாறி வந்த ஹெட்ஃபோன் என்றீர்கள். இயர்பேட் எந்த நிலையில் இருக்கிறது? நம் ஊர் ஈரப்பதத்திலும் வியர்வையிலும் அதன் உள்பஞ்சு சீக்கிரம் தளர்ந்து தட்டையாகிவிடும். அப்போது டிரைவர் காதை நெருங்கி வந்து ஒலியின் சமநிலையே மாறிப்போகும். இரண்டு, எச்டி 600 இயல்பாகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல இறங்கும் ஹெட்ஃபோன். ஆழத்தில் கனம் வேண்டுமென்றால் ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) அந்தப் பகுதியை மூன்று நான்கு டெசிபல் தூக்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. தூக்கும் அளவுக்கு மொத்த ஒலியளவை முதலில் தாழ்த்திக்கொண்டால் அலை வெட்டுப்படாது.

எச்இ6எஸ்இயிலும் ஒரு கேள்வி: கண்ணாடி அணிபவரா நீங்கள்? பிளானரின் ஆழ்ந்த ஒலி, இயர்பேட் தலையோடு ஒட்டி மூடுவதைப் பெரிதும் சார்ந்தது. கண்ணாடியின் காது விளிம்பு விடும் சிறு இடைவெளி போதும், கும்கியின் அடித்தளம் கசிந்துபோக.

கீச்சொலிக்கு விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மடிக்கணினிக்கும் நிலஇணைப்பு உண்டு, ஆம்புக்கும் நிலஇணைப்பு உண்டு. இடையில் அனலாக் கம்பியின் உறை இரண்டையும் மறுபடி இணைக்கிறது. சார்ஜரின் இரைச்சல் மின்னோட்டம் அந்த வளையத்தில் சுற்றி, பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. அதற்காகச் சிலர் பிளக்கின் நிலஇணைப்பைத் துண்டிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டாக்கும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருந்தால், மடிக்கணினியிலிருந்து வெளியே செல்வது எண்களாக இருக்கும், அனலாக் கம்பி இராது. பெரும்பாலும் கீச்சொலி போய்விடும். போகாவிட்டால் யுஎஸ்பி ஐசொலேட்டர் (நேரடி மின்தொடர்பைத் துண்டித்து எண்களை மட்டும் கடத்தும் கருவி) ஒன்றை இடையில் போடலாம். நொடிக்கு 12 மெகாபிட் மட்டும் கடத்தும் மலிவான வகைகூட, டாக் பழைய யுஎஸ்பி ஆடியோ முறையில் இயங்குமானால், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை போதும்.

எனவே என் பரிந்துரை, இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டி. எடுத்துக்காட்டாக ஃபியோ கே7ஐப் பாருங்கள். தயாரிப்பாளரின் கணக்குப்படி பேலன்ஸ்டு துளையில் (இரு காதுகளுக்கும் தனித்தனி இணைகம்பிகள் கொண்டது) 32 ஓமுக்கு 2,000 மில்லிவாட், அதாவது 8 வோல்ட். சாதாரணத் துளையில் 1,220 மில்லிவாட், 6.2 வோல்ட்டுக்குச் சற்று மேல். 50 ஓமில் அதே வோல்ட் கிடைத்தால்கூட உங்கள் எச்இ6எஸ்இ சாதாரணத் துளையில் 112 டெசிபலையும், பேலன்ஸ்டு துளையில் 114ஐயும் தாண்டும். இதே அளவு தரும் வேறு பெட்டி மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெயர் முக்கியமில்லை, உங்கள் ஓமுக்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் என்பதைப் பாருங்கள். விளம்பரத்தில் 16 ஓமுக்கான வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, 300 ஓமுக்கானதைப் போடாமல் விட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன். ஆற்றல் கைக்கு வந்ததும் ஒலியை ஏற்றத் தோன்றும். 85 டெசிபல் சராசரியில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கான வழக்கமான வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 110 என்று நான் போட்ட கணக்கு கணநேர உச்சத்துக்கு மட்டுமே.

---

மறுமொழி 7: வால்வுப்பிரியன், ஈப்போ ரோடு

ஒரு டெசிபல் உப்பு என்று சொல்லிவிட்டீர்கள். ஒன்பது ஆண்டு ரசனையை ஒரே வகுத்தல் கணக்கில் முடித்துவிட்டீர்களே, தம்பி! நேற்றிரவு நீங்கள் சொன்னதைச் சோதிக்க டிரான்சிஸ்டர் ஆம்பில் எச்டி 600ஐச் செருகி, ஈக்வலைசரில் 90 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் தூக்கிக் கேட்டேன். மிக நெருங்கி வருகிறது. முழுதும் ஒன்று என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். வால்வின் சிதைவும் அதில் ஒரு பங்கு செய்கிறது என்று என் காது சொல்கிறது. ஆனால் இவ்வளவு நெருங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வால்வை விற்கப்போவதில்லை. அதன் வெளிச்சத்துக்கு ஈக்வலைசர் கிடையாது.

---

மறுமொழி 8: பிஜே பழையசரக்கு

அளந்து பார்த்தேன். ஆர்2ஆர் 2.31 வோல்ட், மற்றது 2.02. ஏறத்தாழ 1.2 டெசிபல் இடைவெளி. சமன்செய்து, மகனை மாற்றச் சொல்லிப் பன்னிரண்டு முறை கேட்டேன், ஏழு சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும் என்று அவன் சிரித்தான். பத்துக்குப் பத்து இல்லை என்பதால் சோதனைமேசை பிஜேவுக்கு வர வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் வாருங்கள், தேநீர் உண்டு.

---

மறுமொழி 9: செந்தூல் இரவுக்கேட்பவன்

முடிவைத் தெரிவிக்காமல் விட்டால் பின்னால் படிப்பவர்களுக்குப் பயன்படாது என்பதால் எழுதுகிறேன். கே7 ஒன்று, கைமாறிய நிலையில், 620 வெள்ளிக்குக் கிடைத்தது. பேலன்ஸ்டு கம்பி வாங்கவில்லை. எச்இ6எஸ்இயைச் சாதாரணத் துளையில், உயர்ந்த கெயினில் (பெருக்க அளவில்) ஓட்டினால் குமிழ் கடிகாரத்தின் ஒரு மணி நிலையைத் தாண்டுவதில்லை. கீச்சொலி இல்லை, சார்ஜரைப் போட்டும் எடுத்தும் பலமுறை பார்த்துவிட்டேன்.

எச்டி 600இன் இயர்பேட்டைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தோசைபோல் தட்டையாகி, உள்ளே இருந்த வட்டப் பஞ்சு தொட்டவுடன் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. முன்பு வைத்திருந்தவரின் வியர்வையும் என் வியர்வையும் அதில் சமபங்கு இருக்கும். புதியது போட்டபின், ஒரு சல்லிக்கூட ஆம்புக்குச் செலவிடாமல், மச்சானின் பழைய பெட்டியிலேயே அது வேறு ஹெட்ஃபோனாகிவிட்டது.

கண்ணாடியும் அணிபவன்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, எச்இ6எஸ்இயில் பழைய தனி ஆவர்த்தனம் ஒன்றைக் கேட்டேன். தனியின் முடிவில் வரும் மோராவுக்குச் சற்று முன், வித்துவான் தொப்பியை மணிக்கட்டால் அழுத்திக் கும்கியை மேலே இழுக்கும் இடம் ஒன்று வரும். அந்த இழுப்பின் தொடக்கம் எனக்கு இதுவரை கேட்டதில்லை. அடி விழுவது மட்டும்தான் கேட்கும். அன்று அடி விழுந்து, கீழே கொஞ்சம் தங்கி, பிறகு ஏறியது. மூன்று முறை பின்னால் தள்ளிக் கேட்டேன். அதற்குள் மணி ஒன்றரை.

இரவல் ஆம்பை மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜாலான் பாசார் பொட்டலத்தில் எட்டு மின்தடைகள் மீதமிருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்காவது 50 ஓம் பொம்மை செய்ய வேண்டுமென்றால் தனிமடலில் சொல்லுங்கள், தருகிறேன்.